பெயிண்ட் கடைக்குக் கடைசியில் போங்கள்: பழைய மரவேலியைக் குறைந்த செலவில் மீட்பது

கோத்தகிரியில் என் மாமனார் கட்டிய வீட்டின் முன்பக்கம் 40 அடி நீளத்துக்கு ஒரு மரவேலி நிற்கிறது. இடுப்பளவு உயரம், வெள்ளை எனாமல், உச்சியில் கூம்பு வைத்த பட்டைகள். நான் அதை முதல்முறை ‘சரிசெய்தது’ ஒரு டிசம்பர் விடுமுறையில். நேராகக் கடைக்குப் போய் நாலு லிட்டர் வெள்ளை வாங்கி வந்து, துணியால் தூசியைத் தட்டிவிட்டு மேலே அடித்தேன். புதுவருஷத்தன்று வீடே பளிச்சென்று இருந்தது. ஆகஸ்டில் போய்ப் பார்த்தால் பெயிண்ட் அப்பளம் மாதிரி பொரிந்திருந்தது. நகத்தால் நெம்பினால் உள்ளங்கை அகலத்துக்கு உரிந்து வந்தது, அடியில் ஈர மரம்.

பக்கத்து வீட்டுக்குக் கதவு மாட்ட வந்திருந்த வயதான ஆசாரி எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “பெயிண்டைத் திட்டாதீங்க சார். உள்ள தண்ணி நிக்குது. அது வெளிய வர வழி தேடுது, அவ்வளவுதான்.”

இரண்டாவது முறை நான் செய்ததெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான். வேலியை மீட்பது என்றால் தண்ணீர் எங்கே நுழைகிறது, எங்கே தங்குகிறது என்று கண்டுபிடித்து அதை நிறுத்துவது. பெயிண்ட் அதற்கு மேல் போடும் சட்டை. இப்படிச் செய்தால் செலவும் குறைகிறது என்பதை வேலை முடிந்த பிறகுதான் உணர்ந்தேன். ரம்பமும் ஸ்க்ரூடிரைவரும் பிடிக்கத் தெரிந்தால் போதும், முன்னனுபவம் தேவையில்லை.

பெயர்களைச் சொல்லிவிடுகிறேன். மண்ணில் ஊன்றி நிற்பது வேலிக்கால். இரண்டு கால்களுக்கு நடுவே படுக்கையாக ஓடுவது குறுக்குச் சட்டம். சட்டத்தில் அறைந்து நிற்க வைத்திருப்பவை பட்டைகள். மலையில் இவை பெரும்பாலும் சில்வர் ஓக், கற்பூர மரம் என்று சொல்லப்படும் யூகலிப்டஸ், அல்லது வாட்டில் எனப்படும் சீகை. மூன்றில் சில்வர் ஓக் விலை மலிவு, இழைக்க எளிது, ஆனால் மண்ணில் பட்டால் சீக்கிரம் மக்கிவிடும். தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு வைத்த மரம் என்பதால் எல்லா இடத்திலும் கிடைக்கிறது, அதனால் எல்லா வேலியிலும் இருக்கிறது.

எப்போது செய்யலாம்

நீலகிரியில் ஊட்டிப் பக்கம் தென்மேற்குப் பருவமழை அதிகம். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் வெளுத்து வாங்கும். டிசம்பர், ஜனவரியில் மழை விட்டாலும் காலைப் பனியும் குளிரும் போகாது. வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே போனால் எனாமல் சரியாக இறுகாது, மேலே பிசுபிசுப்பு நாள்கணக்கில் நிற்கும். நான் டிசம்பரில் அடித்தது அதனாலும் தப்பு. பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரைதான் நல்ல காலம். அதற்குப் பிறகு கோடை மழை வந்துவிடும்.

சமவெளியில் இருப்பவர்களுக்குக் கவலை வேறு. அங்கே பாசியைவிடக் கரையானும் வெயிலும்தான் எதிரி. பொங்கலுக்குப் பிறகு மார்ச் வரை செய்யுங்கள், மே வெயிலில் செய்யாதீர்கள். சூடான மரத்தில் பெயிண்ட் மேல்தோல் மட்டும் காய்ந்து உள்ளே கொப்புளம் விடும்.

மொத்தம் எத்தனை நாள்? ஆள் ஒருவர், 40 அடி வேலி, சனி ஞாயிறு மட்டும் வேலை என்றால் நாலு வாரம் வையுங்கள். அதில் பாதி நாள் காய்வதற்காகச் சும்மா உட்கார்ந்திருப்பதுதான்.

முதல் நாள்: ஸ்க்ரூடிரைவரும் சாக்பீஸும்

வேறு எதுவும் எடுக்க வேண்டாம். ஒரு பழைய ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பட்டையையும் அடியில், சட்டத்தோடு சேரும் இடத்தில், உச்சியில் என மூன்று இடத்தில் குத்திப் பாருங்கள். நல்ல மரம் ‘டக்’ என்று எதிர்க்கும். மக்கிய மரத்தில் வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கும். கால் அங்குலத்துக்கு மேல் இறங்கினால் அந்த இடம் கெட்டது என்று நான் கணக்கு வைத்துக்கொண்டேன். சாக்பீஸால் நல்லதற்கு ஒரு கோடு, பாதி கெட்டதற்கு வட்டம், தேறாததற்குப் பெருக்கல் குறி.

வேலிக்கால்களுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் கொடுங்கள். சுற்றியுள்ள மண்ணை நாலு அங்குலம் தோண்டிவிட்டுக் குத்துங்கள். கால் எப்போதும் மண் மட்டத்தில்தான் கெடும். ஆழத்தில் ஈரம் உண்டு, காற்று இல்லை. மேலே காற்று உண்டு, ஈரம் காய்ந்துவிடும். மரத்தை மக்கவைக்கும் பூஞ்சைக்கு இரண்டும் வேண்டும், அது கிடைப்பது மண் மட்டத்தில். அதனால் மேலே திடமாகத் தெரியும் கால், தோண்டினால் பென்சில் முனைபோலக் குறுகி நிற்கும்.

மண்குழாய் ஏறியிருந்தால் கரையான். அதைத் தட்டிவிட்டுப் பெயிண்ட் அடிப்பதில் பயனில்லை, முதலில் மண்ணுக்கு மருந்து வைக்க வேண்டும். மாவு கொட்டும் சிறு துளைகள் இருந்தால் வண்டு. உளுத்தது அந்தத் துண்டோடு நின்றால் அதை மட்டும் மாற்றலாம்.

எண்ணிப் பாருங்கள். என் வேலியில் 80 பட்டைகள், 6 கால்கள். தேறாத பட்டை 9, அடி மட்டும் கெட்டவை முப்பதுக்கு மேல், கால் 2. கால்களில் பாதிக்கு மேல் போயிருந்தால், சட்டமும் தொய்ந்திருந்தால், பழசை மீட்பது பொய்ச் சிக்கனம். கழற்றி நல்ல பட்டைகளை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு புதிதாகக் கட்டுங்கள்.

அடி இரண்டு அங்குலம்

இனிச் சொல்லப்போவதுதான் இந்த வேலையின் பாதி லாபம். பட்டைகள் கெடுவது பெரும்பாலும் அடியில்தான். வேலி போட்ட காலத்தில் மண்ணுக்கு மேலே நின்றிருக்கும். வருஷாவருஷம் பூச்செடிக்கு எரு போட்டு, மண் அணைத்து, புல் வளர்ந்து, தரை மேலே ஏறிவந்திருக்கும். பட்டையின் வெட்டுமுகம், அதாவது மரநார்கள் திறந்து நிற்கும் நுனி, விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோலத் தண்ணீரை இழுக்கும். பெயிண்ட் அடிப்பவர் குனிந்து அந்த அடிமுகத்துக்கு அடித்திருக்கவே மாட்டார். என் வேலியில் ஒரு பட்டைக்குக்கூட அடித்திருக்கவில்லை.

அதனால் மண்ணை முதலில் வாரி எடுங்கள். பிறகு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நூல் கட்டி, மண்ணிலிருந்து இரண்டு அங்குலம் மேலே நூல் ஓடும்படி வைத்து, அந்தக் கோட்டில் எல்லாப் பட்டைகளையும் வரிசையாக அறுத்துவிடுங்கள். மக்கிய பகுதியும் போகும், இனி மண்ணும் தொடாது. அடி கெட்ட முப்பது சொச்சம் பட்டைகளில் இருபத்தைந்து இதிலேயே தேறிவிட்டன. புது மரம் வாங்க வேண்டியிருந்தது மிச்சத்துக்கு மட்டும்தான். அறுத்த முகங்களுக்கு அன்றைக்கே பிரைமர் (பெயிண்டுக்கு முன் போடும் அடிப்பூச்சு) தொட்டு வைத்துவிடுங்கள், பிறகு என்று தள்ளினால் மறந்துபோகும்.

வீட்டில் நாய் உள்ளவர்கள் இரண்டு அங்குல இடைவெளியில் குட்டி நுழையுமா என்று ஒருமுறை யோசித்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கம் கவலை வேறு. காட்டுமாடு வந்து முதுகு சொறிந்துகொண்டால் தேக்கு வேலிகூட நிற்காது. போன வருஷம் ஒன்று சாய்ந்ததில் மூன்று பட்டைகள் போயின. அதற்கு இந்தக் கட்டுரையில் வைத்தியம் இல்லை.

கெட்ட கால்களுக்குப் புதுக் கால் நடத் தேவையில்லை. பழைய இரும்புக் கடையில் ஒன்றரை அங்குல ஆங்கிள் (‘எல்’ வடிவ இரும்புச் சட்டம்) மூன்றடித் துண்டாகக் கேளுங்கள், காலுக்கு ஒன்று. காலை முட்டுக் கொடுத்து நிறுத்திக்கொண்டு, கெட்ட அடியை நல்ல மரம் தெரியும்வரை அறுத்து, மண்ணுக்குள் கிடக்கும் மிச்சத்தைத் தோண்டி எடுங்கள். ஒன்றரை அடிக் குழியில் ஆங்கிளை நிறுத்தி சிமென்ட், மணல், ஜல்லி ஒன்றுக்கு இரண்டுக்கு நாலு கலவைக் கான்கிரீட் போடுங்கள். மேலே நிற்கும் ஒன்றரை அடியைக் காலோடு மூன்று நூல் (3/8 அங்குல) போல்ட் இரண்டு போட்டு முறுக்குங்கள். துருப்பிடிக்காமலிருக்க இரும்புக்கு முன்கூட்டியே ரெட் ஆக்சைடு அடித்திருக்க வேண்டும். இரண்டு விஷயங்களை விட்டுவிடாதீர்கள்: மரத்தின் அடி கான்கிரீட்டைத் தொடாமல் இரண்டு அங்குலம் மேலே நிற்க வேண்டும். கான்கிரீட்டின் மேல்முகம் கிண்ணமாகக் குழியாமல், நடுவில் உயர்ந்து வெளிப்பக்கம் சரிய வேண்டும். ஒரு வாரம் தண்ணீர் தெளித்து வாருங்கள், அதுவரை யாரையும் வேலியில் சாய விடாதீர்கள்.

மண்ணுக்குள் இன்னும் நல்லபடியாக இருக்கும் கால்களுக்கு முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெய் தடவலாம். நாட்டுப் படகுகளுக்குப் பூசும் அதே கறுப்பு எண்ணெய். விலை குறைவு. தோலில் பட்டால் புண்ணாகும், கையுறை இல்லாமல் தொடக்கூடாது. அதன்மேல் பெயிண்ட் ஒட்டாது, ஆகவே மண் மட்டத்துக்கு மேலே ஓரிரு அங்குலத்தோடு நிறுத்துங்கள். வண்டியிலிருந்து வடித்த கழிவு ஆயிலைத் தடவச் சொல்பவர்கள் இருப்பார்கள். அது மண்ணிலும் கிணற்றிலும் போய்ச் சேரும், செய்யாதீர்கள்.

கால்களின் தலையையும் பாருங்கள். மட்டமாக அறுத்த தலையில் மழைத்தண்ணீர் உட்காரும். ஒரு பக்கம் சரிவாக அறுத்துவிட்டால் போதும். அல்லது பழைய எண்ணெய் டின்னை வெட்டிக் குல்லாய் மாதிரி மடித்து அறைந்துவிடலாம். என் வேலியில் ஆறு கால்களுக்கும் ஒரே டின் போதுமாக இருந்தது.

புதுப் பட்டைக்கு மரக்கடையில் ரீப்பர் வாங்குவதைவிட, சரக்குப் பெட்டி உடைத்த பைன் பலகை மலிவு. வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டி, பேலட் என்றால் அதில் கோதுமைக் கதிர் படத்தோடு ஒரு முத்திரை இருக்கும். எச்.டி. என்றிருந்தால் சூடுபடுத்திப் பதப்படுத்தியது, எடுக்கலாம். எம்.பி. என்றிருந்தால் மீதைல் புரோமைடு புகை போட்டது, வேண்டாம். புது மரத்துக்குப் பூச்சி வராமலிருக்க, 10 லிட்டர் வெந்நீரில் வெண்காரம் 600 கிராம், போரிக் ஆசிட் 400 கிராம் கரைத்து இரண்டு கை (இரண்டு முறை) பூசிக் காயவிடுங்கள். குழந்தைகள், கோழி, நாய் பக்கத்தில் வரக்கூடாது. மழையில் இது கரைந்து போய்விடும் என்பதால் மேலே பெயிண்ட் வந்தே ஆக வேண்டும்.

கழுவிக் காயவிடுவது

கொடி ஏறியிருந்தால் அறுத்துத் தள்ளுங்கள். மல்லிகையாக இருந்தாலும் சரி, அது வேலியை ஈரப்போர்வையில் சுற்றிவைக்கிறது. பாசிக்கு, ஒரு வாளித் தண்ணீரில் (10 லிட்டர்) 100 கிராம் ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தெளியவிட்டு, மேல்தண்ணீரைத் தேய்ப்பு பிரஷால் பூசுங்கள். கால் மணி நேரம் கழித்துத் தேய்த்து, நிறையத் தண்ணீர் ஊற்றி அலசுங்கள். கழிப்பறை கழுவும் ஆசிட்டோடு இதைக் கலக்கவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும். கீழே பூச்செடி இருந்தால் பாலிதீன் விரித்து மூடிக்கொள்ளுங்கள்.

பிரஷர் வாஷரை வாடகைக்கு எடுக்கும் ஆசை வரும். பழைய மரத்தில் அது நாரைக் கிழித்துத் தண்ணீரை உள்ளே அறைந்துவிடும். கைப்பிரஷ் போதும்.

அப்புறம் காயவிடுங்கள். நல்ல வெயிலில் நாலு நாள், மூடுபனி வந்துபோகும் இடத்தில் ஒரு வாரம். காய்ந்ததா என்று பார்க்கக் கருவி எல்லாம் வேண்டாம். மதியம் பட்டையின் நிழல் பக்கத்தில் கன்னத்தை வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் தண்ணீர் இருக்கிறது. அதை உள்ளே வைத்து மூடினால் என் ஆகஸ்ட் கதைதான்.

பழைய பெயிண்டில் ஈயம்

இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக்கூடாது என்று இந்தியாவில் 2016இல் விதி வந்தது, நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பர் 1 முதல். அதற்கு முன் அடித்த எனாமலில், குறிப்பாக மஞ்சள், சிவப்பு, பச்சை நிறங்களில், ஈயம் இருக்கலாம். உங்கள் வேலி அதைவிடப் பழசு என்றால் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள். ஈயத்தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்.

நடைமுறையில் இதற்கு அர்த்தம்: உலர்ந்த நிலையில் மெஷின் போட்டுத் தேய்க்காதீர்கள். தண்ணீர் தெளித்து ஈரமாக வைத்துக்கொண்டு கையால் சுரண்டுங்கள். தீ காட்டி உரிக்காதீர்கள். கீழே தார்ப்பாய் விரித்து, விழுந்த செதில்களைச் சுருட்டி மூட்டையாகக் கட்டுங்கள். கொளுத்தக்கூடாது, உரக்குழியில் போடக்கூடாது. என்95 முகக்கவசம் போடுங்கள், சாதாரணத் துணி உதவாது. முடித்ததும் குளித்துவிட்டு அந்தத் துணிகளைத் தனியாகத் துவையுங்கள். வேலியடியில் கீரை, கொத்தமல்லி போட்டிருந்தால் பிடுங்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ஈரமாகச் சுரண்டினால் மறுபடி ஓரிரு நாள் காய வேண்டும், அது பரவாயில்லை.

எவ்வளவு சுரண்ட வேண்டும்

முழுவதையும் உரிக்க வேண்டியதில்லை. புதிதாகச் செய்பவர்கள் சோர்ந்துபோவது இங்கேதான். நன்றாகப் பிடித்திருக்கும் பழைய பெயிண்டைவிடச் சிறந்த பிரைமர் கிடையாது. சந்தேகமான இடத்தில் பிளேடால் பெருக்கல் குறி கீறி, பிரவுன் டேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுங்கள். டேப்போடு செதில் வந்தால் சுரண்டுங்கள், வராவிட்டால் அப்படியே விடுங்கள்.

சுரண்டுவதற்குப் பட்டித் தகடு ஒன்று போதும். வெடிப்புகளுக்குள் போக உடைந்த ஆக்ஸா பிளேடின் நுனியை உரசிக் கூராக்கிக்கொள்ளலாம். கம்பி பிரஷை நான் ஆணிகளுக்கு மட்டும்தான் எடுத்தேன், மரத்தில் போட்டால் மெத்தென்ற நாரையெல்லாம் பிய்த்துவிடுகிறது.

அப்புறம் உப்புத்தாள். 80 எண் தாளில் தொடங்கி 120இல் முடியுங்கள், அதற்கு மேல் வழவழப்பு வெளிவேலிக்குத் தேவையில்லை. இரண்டு வேலை நடக்க வேண்டும். பழைய பெயிண்டின் விளிம்பு படிக்கட்டாக நிற்காமல் சரிவாகக் கரைய வேண்டும். பெயிண்ட் போன இடத்தில் சாம்பல் நிறமாக மாறிய மரம், உள்ளேயிருக்கும் உண்மை நிறம் தெரியும்வரை போக வேண்டும். அந்தச் சாம்பல், வெயிலில் வெந்துபோன நார். மரத்தோடு ஒட்டாமல் தூளாகக் கிடக்கும். அதன்மேல் அடிப்பது திருநீற்றின்மேல் அடிப்பது மாதிரி. வெறும் மரத்தை இரண்டு மூன்று வாரம் வெயிலில் விட்டாலே பிடிப்பு குறைய ஆரம்பித்துவிடும். அதனால் நாற்பதடியையும் தேய்த்து முடித்துவிட்டுப் பிரைமர் போடலாம் என்று காத்திருக்காதீர்கள். பத்தடி தேய்ப்பது, பத்தடிக்குப் பிரைமர் போடுவது என்று நகருங்கள். பழைய எனாமல் மின்னும் இடங்களையும் மங்கும்வரை லேசாகத் தேய்த்துவிடுங்கள்.

ஆணித் தலைகளைக் கவனியுங்கள். துருக்கறை வழிந்திருந்தால் ஆணியை மரத்துக்குள் அரைக்கால் அங்குலம் இறக்கி, குழியில் ரெட் ஆக்சைடு தொட்டு, பட்டி வைத்து மூடுங்கள். ஆடும் பட்டைக்கு அதே ஓட்டையில் பெரிய ஆணி அடிக்காதீர்கள், மரம் பிளக்கும். பக்கத்தில் துளை போட்டு ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய) ஸ்க்ரூ முடுக்குங்கள். உட்கூரை வேலைக்கு விற்கும் கறுப்பு ஸ்க்ரூ விலை குறைவுதான், ஒரே மழைக்காலத்தில் துருப்பிடித்துக் கண்ணீர் வடிக்கும்.

பட்டி, நேர்த்தியான இடத்துக்கு மட்டும். ஆணிக்குழி, சின்ன முடிச்சு, மேலோட்டமான வெடிப்பு. மரத்தூளை வெள்ளைப் பசையில் குழைத்து அடைக்கும் பழக்கம் வீட்டுக்குள் சரி, மழையில் ஊறிக் கிளம்பிவிடும். இரண்டு மாவைப் பிசையும் எபாக்ஸி பட்டி நிற்கும். நீளமான பிளவுகளை அடைக்கவே வேண்டாம் என்பது என் கட்சி. மரம் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். அடைத்த பட்டி ஒரு பக்கம் விட்டுக்கொடுத்து, அந்த இடுக்கில் தண்ணீர் புகுந்து வெளியேற முடியாமல் தங்கும். உள்ளே வரை பிரைமர் ஓடவிட்டுத் திறந்தே விடுங்கள்.

பிரைமர்

கடைக்குப் போகும் நாள் இப்போதுதான் வருகிறது. முதலில் கணக்கு. என் பட்டை 3 அங்குல அகலம், முக்கால் அங்குலத் தடிமன். நாலு பக்கமும் சேர்த்தால் சுற்றளவு ஏழரை அங்குலம். மூன்றரை அடி உயரத்துக்கு ஒரு பட்டை ஏறத்தாழ 2.2 சதுர அடி, 80 பட்டைக்கு 175. குறுக்குச் சட்டங்கள் இரண்டுக்கும் 47, கால்களுக்கு 24. மொத்தம் 250 சதுர அடி என்று வையுங்கள். வெளியிலிருந்து பார்த்து ‘நாற்பதுக்கு மூன்றரை, நூற்று நாற்பது’ என்று கணக்குப் போட்டால் பாதியில் பெயிண்ட் தீரும்.

பழைய மரம் குடிக்கும். பிரைமர் லிட்டருக்கு 80, 90 சதுர அடிதான் வரும், 3 லிட்டர். அதன்மேல் பெயிண்ட் லிட்டருக்கு 100 வந்தால் இரண்டு கைக்கு 5 லிட்டர்.

பிரைமர் என்றால் மரத்துக்கான ‘வுட் பிரைமர்’. சுவருக்கு அடிக்கும் சிமென்ட் பிரைமரைக் கொடுத்துவிடப்போகிறார்கள், டின்னைப் படித்து வாங்குங்கள். வெறும் மரம் அதிகமுள்ள இடத்தில் முதல் கைக்குப் பத்தில் ஒரு பங்கு டர்பன்டைன் சேர்த்து இளக்கினால் உள்ளே ஊறும். வெட்டுமுகங்கள், அதாவது பட்டையின் உச்சி, அடி, காலின் தலை, இவற்றுக்கு மட்டும் குடிக்கக் குடிக்க மூன்று முறை. நான் கண்ணாடித் துண்டைத் தரையில் வைத்து அடிமுகத்துக்குப் பிரைமர் பட்டதா என்று அதில் பார்த்துக்கொண்டேன். பைத்தியக்காரத்தனமாகத்தான் தெரியும், ஆனால் போன தடவை விட்டுப்போன இடம் அது. பைன் பலகையின் முடிச்சுகளில் பிசின் கசிந்து மஞ்சள் கறை வரும், அங்கே முதலில் அரக்கு பாலிஷ் ஒரு தொடல்.

பழங்காலத்து முறையில் ஆளிவிதை எண்ணெய் ஊட்டுபவர்களும் உண்டு. நல்லதுதான், ஆனால் காய நாளாகும். ஓர் எச்சரிக்கை: ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீரில் முக்கிப் போடுங்கள்.

எனாமலா, எக்ஸ்டீரியர் எமல்ஷனா?

பழைய எனாமல் பெரும்பகுதி பிடித்திருந்தால் எனாமலே அடியுங்கள். பெரும்பாலும் வெறும் மரமாகிவிட்டால், பிரைமருக்கு மேல் அக்ரிலிக் எக்ஸ்டீரியர் எமல்ஷன், அதாவது தண்ணீரில் கலக்கும் வெளிப்புறப் பெயிண்ட், நல்ல தேர்வு. எனாமல் வயதாக ஆக மொறமொறப்பாகி, மரம் உப்பிச் சுருங்கும்போது வெடிக்கும். அக்ரிலிக் கொஞ்சம் நீண்டு கொடுக்கும், உள்ளே மிஞ்சிய ஈரத்தையும் ஆவியாக வெளியே விடும். பளபளப்பு குறைவு, அவ்வளவுதான். வீட்டுச் சுவருக்கு அடித்து மிஞ்சிய எக்ஸ்டீரியர் டின் இருந்தால் அதுவே ஒரு சேமிப்பு. கடையில் ‘கலர் தப்பாகக் கலந்து திரும்பி வந்த டின் இருக்கிறதா’ என்று கேளுங்கள், சில சமயம் பாதி விலைக்குக் கிடைக்கும். நிறத்தில் விட்டுக்கொடுத்தால் பணம் மிஞ்சும். வெள்ளை பாசியை உடனே காட்டிக்கொடுக்கும். நான் இந்த முறை இலைப்பச்சைக்கு மாறிவிட்டேன், மாமியாருக்கு இன்னும் வருத்தம்.

பிரஷில் கஞ்சத்தனம் வேண்டாம். முடி கொட்டும் மலிவு பிரஷ் மூன்றைவிட, நல்ல இரண்டு அங்குல பிரஷ் ஒன்று போதும். புது பிரஷை உள்ளங்கையில் நன்றாக அடித்து, தளர்ந்த முடிகளைப் பிடுங்கிவிட்டு எடுங்கள்.

காலை பத்து மணிக்குப் பனி உலர்ந்த பின் ஆரம்பியுங்கள். மலையில் மூன்று மணிக்கு நிறுத்திவிடுங்கள், நாலரைக்கு மூடுபனி இறங்கினால் காயாத எனாமல் வெளுத்து மங்கிப்போகும். டின்னை அடிவரை கிளறி, பழைய வேட்டித் துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள். தெருவிலிருந்து தெரியாத உட்பக்கத்தில் தொடங்குங்கள், கை பழகும்வரை நடக்கும் கோளாறெல்லாம் அங்கேயே போகட்டும். ஒவ்வொரு பட்டைக்கும் முதலில் வெட்டுமுகம், பிறகு பக்கவாட்டு ஓரங்கள், கடைசியில் முகம், மேலிருந்து கீழே நார் ஓடும் திசையில். பட்டையும் சட்டமும் சேரும் மூலைதான் தண்ணீர் உட்காரும் இன்னோர் இடம், பிரஷ் நுனியைக் குத்தி உள்ளே ஓட்டுங்கள்.

மெலிதாக இரண்டு கை. கெட்டியாக ஒரே கை அடித்தால் வழிந்து கண்ணீர்க்கோடு விழும். எனாமலில் இரண்டு கைக்கு நடுவே சமவெளியில் ஓர் இரவு, மலையில் ஒரு முழு நாள் விடுங்கள். நடுவில் 120 தாளால் லேசாக ஒரு தடவல்.

என் செலவு இப்படி வந்தது: பெயிண்டும் பிரைமரும் சுமார் 2,300 ரூபாய். ஆங்கிள், போல்ட், அரை மூட்டை சிமென்ட் 750. பெட்டிப் பலகை 500. உப்புத்தாள், பட்டி, ஸ்க்ரூ, பிரஷ், முகக்கவசம், டர்பன்டைன் எல்லாம் 900 சொச்சம். மொத்தம் நாலாயிரத்து ஐந்நூறுக்குள். அதே நீளத்துக்குப் புது வேலி கட்ட ஆசாரி சொன்ன தொகை 38,000. உங்கள் ஊர் விலை மாறும், விகிதம் ரொம்ப மாறாது.

மிஞ்சிய பெயிண்டைப் பெரிய டின்னிலேயே விடாதீர்கள், உள்ளே காற்று இருந்தால் ஆடை கட்டிவிடும். கழுத்துவரை நிரம்பும் சின்னக் கண்ணாடிப் பாட்டிலுக்கு மாற்றி, கலர் நம்பரையும் தேதியையும் எழுதி ஒட்டி, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். ஒவ்வொரு மார்ச்சிலும் நான் அந்தப் பாட்டிலோடும் ஸ்க்ரூடிரைவரோடும் வேலியை ஒரு சுற்று வருகிறேன். பட்டைகளின் அடியில் மண் ஏறியிருந்தால் மண்வெட்டியால் இழுத்துவிடுகிறேன், உரிந்த இடத்தைத் தேய்த்துத் தொட்டு வைக்கிறேன். போன முறை ஒன்றரை மணி நேரம் ஆனது. அதில் முக்கால் மணி நேரம், மாமியார் பட்டைகளுக்கு நடுவே நட்டிருந்த ரோஜாப் பதியன்களை ஓர் அடி தள்ளி நடுவதற்குச் சம்மதம் வாங்கியதில் போய்விட்டது.